இறக்கை ஏறிய பிறகு

'ம்' என்று சொன்னேனாம். மிக்ஸியில் சட்னி ஓடிக்கொண்டிருந்தபோது இவர் வந்து கேட்டாராம், நான் 'ம்' என்றேனாம், அந்த ஒற்றை எழுத்தை நம்பித்தான் இப்போது இந்த ஜீப்பில், ஓட்டுகிற இருக்கையில், கிழிந்த உறைக்குள்ளிருந்து தேங்காய்நார் தொடையைக் குத்த உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன 'வேண்டாம்' ஒன்றுகூட இவர் காதில் ஏறியதில்லை, ஒரு 'ம்' மட்டும் ஏறியிருக்கிறது பாருங்கள். ஜீப்பின் பின்கொக்கியில் கயிறு. கயிற்றின் மறுகோடியில் கிளைடர். எஞ்சின் கிடையாது, இரண்டு பேர் அக்கம்பக்கமாக உட்காரும் மர விமானம், கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஓடினால் பட்டம் மாதிரி எழும்பும், போதும் என்று நினைக்கும்போது உள்ளேயிருப்பவர் மஞ்சள் குமிழை இழுத்துக் கயிற்றை விட்டுவிடுவார், அப்புறம் காற்றுதான் கதி. உள்ளே இருப்பவர் என் வீட்டுக்காரர் அம்பலவாணன். பத்து மணிக்குப் பழைய இரும்பு வியாபாரியின் லாரி வருகிறது, ஷெட்டோடு சேர்த்து இதையும் அறுத்து ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், அதற்குள் ஒரே ஒரு ஓட்டம். "தரையிலதான் ஓடும் காந்தி, எழும்பாது. நீ நாப்பதைத் தாண்டாதே, அது பாட்டுக்கு நாய்க்குட்டி மாதிரி பின்னால வரும்." நாய்க்குட்டியாம். நாய்க்குட்டிக்கு எதற்கு மணல் மூட்டை? அதைத்தான் கேட்கிறேன். சற்றுமுன் இந்த உடைந்த கண்ணாடியில் பார்த்தேன், காவல்காரர் பேச்சிமுத்து தோளில் மணல் மூட்டையைத் தூக்கிவந்து இவருக்குப் பக்கத்து இருக்கையில் வைத்துப் பெல்ட் போட்டார். தனியாக மேலே போகும்போதுதான் மூட்டை வைப்பார்கள், எடை சரியாக நிற்பதற்கு. தரையில் ஓடுகிறவருக்கு எடை எதற்கு? இறங்கிப்போய்க் கேட்கலாம். கேட்டால் சிரிப்பார். சிரித்தால் பொய். சிரிக்காவிட்டால், அதுவேறு பயம்.

நான் பயப்படுவது உயரத்துக்கு இல்லை. கிளைடர் பழசு, ஆனால் இவர் கை பழகிய கை. பயம் வேறு. சில மாதமாக இவர் நடுநடுவே இல்லாமல் போய்விடுகிறார். சாம்பார்க் கரண்டி கையில் இருக்கும், கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து ஊற்றுவார். "மேகம் போச்சு, அவ்வளவுதான்" என்பார். டாக்டர் அதற்கு நீளமான பேர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், வண்டி ஓட்டக்கூடாது, கிணற்றுப்பக்கம் போகக்கூடாது என்றார். மகள் ஷாலினி புனேயிலிருந்து தினம் ஒரு போன்: "அம்மா, அப்பா கையில ஸ்கூட்டர் சாவியக் குடுத்துறாதீங்க." ஸ்கூட்டர் சாவி அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. விமானத்தை ஒளித்து வைக்க என்னிடம் டப்பா இல்லையே, ஷாலினி. மேலே போய் மேகம் வந்தால்? சாம்பார் ஊற்றும் கை அப்படியே நின்றால்? திரும்பி வந்துவிடுகிறேனே என்கிறார். வருவீர்கள், அதற்குள் கிளைடர் எங்கே வந்திருக்கும்? இதையெல்லாம் நேற்று ராத்திரியே கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? கேட்டமாதிரியும் இருக்கிறது. மனதுக்குள் கேட்டதையும் வாயால் கேட்டதையும் இப்போதெல்லாம் என்னால் பிரிக்க முடிவதில்லை, அவருக்கு மேகம் என்றால் எனக்கு மூடுபனி, நல்ல ஜோடி.

இறக்கை இன்னும் ஏறவில்லை. கிளைடருக்கு நடுவில் ஒரே சக்கரம், ஆகையால் சும்மா நிற்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு இறக்கை நுனி தரையில் கிடக்கும். எல்லாம் தயார் என்று உள்ளேயிருப்பவர் தலையசைத்தால், வெளியே நிற்பவர் நுனியைத் தூக்கி நேராகப் பிடிப்பார். இறக்கை ஏறிவிட்டால் மைதானத்தில் ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. தும்மல்கூட ஆகாது. அது இந்தக் கிளைடர் கிளப்பின் சட்டம். ஆரம்பித்த மில் முதலாளி போட்டது. எனக்கு இது பழக்கமானதுதான், கான்வென்டில் சிஸ்டர் பெனெடிக்டா ஒரு சின்ன மணி வைத்திருப்பார், அடித்தால் நாக்கு அந்தந்த இடத்தில் நின்றுவிட வேண்டும், என் நாக்கு மட்டும் பிரேக் பிடித்து இரண்டடி தள்ளிப்போய் நிற்கும், பெஞ்சு மேல் ஏறு என்பார். பெஞ்சு மேல் ஏறினால் ஜன்னல் வழியாகப் பேருந்து நிலையம் தெரியும், அதனால் எனக்கு அது தண்டனையாகவே தோன்றியதில்லை. என்ன நினைத்துக்கொண்டிருந்தேன்? ஆடு. ஆமாம், ஆடு. கயிற்றை இழு என்பதற்குச் சைகை, கையைக் கீழே தொங்கவிட்டு இடவலமாக வீசுவது. ஆட்டை விரட்டுவதற்கும் ஊரில் எல்லாரும் அப்படித்தான் கையை வீசுவார்கள். ஒருநாள் பேச்சிமுத்து ஆட்டை விரட்டினார், தூரத்தில் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் விஞ்ச் எந்திரத்தில் இருந்தவர் அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு இழுத்துவிட்டார், உள்ளே இருந்த பல் டாக்டர் பாதி ஆப்பிளோடு மேலே போனார். இறங்கிவந்து அவர் கத்திய கத்தில் ஆடுகள் தானாகவே ஓடின. அன்றைக்கே கமிட்டி கூடியது. இனிமேல் ஆட்டை வாயால்தான் விரட்ட வேண்டும், கையால் விரட்டக்கூடாது என்று தீர்மானம். நான் உப்புமா பரிமாறிக்கொண்டே கேட்டேன், "இறக்கை ஏறின பிறகு ஆடு வந்தா? வாயும் திறக்கக்கூடாது, கையும் வீசக்கூடாதுன்னா கண்ணடிச்சு விரட்டுறதா?" ஒருவரும் சிரிக்கவில்லை. இவர் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டு தோள் குலுங்கினார். படித்தவர்கள், ஆடிட்டர், வக்கீல், என்ஜினீயர், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூரா ஆட்டைப் பற்றிப் பேசினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எப்போது நின்றன என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் பூட்டுப் போட்டிருந்தால் தேதி சொல்லலாம். இங்கே அப்படி இல்லை, உப்புமாவின் அளவு குறைந்துகொண்டே வந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பெரிய அண்டாவிலிருந்து சின்ன அண்டா, அண்டாவிலிருந்து குக்கர், குக்கரிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கான வாணலி. முதலில் வராமல் போனது கல்லூரிப் பையன்கள்தானா? இல்லை, அதற்கு முன்பே விஞ்ச் எந்திரம் இறுகிவிட்டது, அதற்குப் பிறகுதான் ஜீப்பில் கட்டி இழுத்தது. சான்றிதழ் கொடுக்கும் அதிகாரி வருவதை நிறுத்தினார், அதிகாரி வராததால் பறக்கவில்லை, பறக்காததால் அதிகாரி வரவில்லை, கோழியா முட்டையா. ஷெட்டுத் தகரம் ஒவ்வொன்றாகக் காற்றில் போனது, அதில் சிலது காற்றில் போகவில்லை, பக்கத்து ஊர்க் கோழிக்கூடுகளில் இருக்கிறது, நானே பார்த்தேன். ஓடுபாதையில் மிளகாய் காயப்போட ஆரம்பித்தார்கள். யுத்த காலத்துக் கான்கிரீட், இதைவிட நல்ல களம் வெள்ளாமை செய்கிற எந்தச் சம்சாரிக்குக் கிடைக்கும்? மேலேயிருந்து பார்த்தால் சிவப்புக் கம்பளம் விரித்தமாதிரி இருக்கும் என்று இவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வருவார். இறங்கும்போது கம்பளம் கண்ணில் எரியும் என்பதை நான்தான் சொன்னேன். அப்புறம் பைக் ஓட்டப் பழகுகிறவர்கள், கல்யாணப் போட்டோ எடுக்கிறவர்கள், அந்தக் கோடியில் மனைப்பிரிவு, மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், கடைசியில் பாதைக்குக் குறுக்கே ஒரு சுவர். ஓடுபாதைக்குக் குறுக்கே சுவர் கட்டுகிறவன் என்ன ஜென்மம்! அதைப் பார்த்த அன்றைக்குத்தான் இவருக்கு முதல் மேகம் வந்ததா? அப்படித்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால் சுவர் போன மழைக்கு முன்னால், மேகம் மழைக்குப் பின்னால். இல்லை, மாற்றிச் சொல்கிறேனா? எது எதனால் வந்தது? மனுஷன் கலைந்ததால் மைதானம் கலைந்ததா, மைதானம் கலைந்ததால் மனுஷனா? டாக்டரிடம் கேட்டேன், "அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா" என்றார். சம்பந்தம் இல்லையாம். மூளைக்குள் போட்டோ எடுத்தவர்கள் அதில் ஓடுபாதை தெரிகிறதா என்று பார்த்திருக்கமாட்டார்கள்.

நான் ஒருதடவைகூட ஏறியதில்லை. இது புகார் இல்லை, விவரம். இந்த மைதானத்துக்கு எத்தனை அண்டா உப்புமா கிண்டியிருப்பேன், இதே பாதையில்தான் இவர் எனக்கு ஜீப் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார், கிளட்ச்சை விடு விடு விடு என்று, ஆனால் மேலே? முதலில் ஷாலினி வயிற்றில், பிறகு இடுப்பில், பிறகு அவள் பரீட்சை, என் சர்க்கரை. அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு. பல் டாக்டர் ஏறினார், பல் டாக்டரின் மாமியார்கூட ஏறினார், ஆள் இல்லாத அன்றைக்கு அந்த இடத்தில் மணல் மூட்டை ஏறும். எனக்குப் பதில் மூட்டை. அது பேசாது, வாந்தி எடுக்காது, மேலே போய்க் காஸ் சிலிண்டர் புக் பண்ணினீர்களா என்று கேட்காது. இந்த மூட்டையைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருக்கிறேன் என்று யாரிடமாவது சொல்ல முடியுமா?

கண்ணாடியில் ஏதோ அசைந்தது. பேச்சிமுத்து கையை வீசுகிறார். ஆடா, சைகையா? ஆட்டைக் காணோம். கண்ணாடி விரிசலில் இரண்டு பேச்சிமுத்து, ஒருவர் வீசுகிறார், ஒருவர் நிற்கிறார். இப்போது குனிந்து நுனியைத் தூக்குகிறார். இறக்கை ஏறிவிட்டது. இத்தனை நீளமா இது? இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை நேராக, வெளுத்த மஞ்சளில், துணி கிழிந்த இடத்தில் நான் தைத்துக்கொடுத்த ஒட்டோடு. இனி நான் பேசக்கூடாது. வாயை மூடிக்கொண்டேன், தலைக்குள் மூடமுடியவில்லை. பேச்சிமுத்துவின் இன்னொரு கை கீழே இடவலமாக வீசுகிறது, இது சைகைதான். கிளட்ச்சை விடு, விடு, விடு. கயிறு இறுகியது இடுப்பில் தெரிந்தது, யாரோ பின்னாலிருந்து சேலை முந்தானையைப் பிடித்த மாதிரி. ஜீப் இழுக்கிறது. கான்கிரீட் இணைப்புகளில் டக், டக், டக். இருபது. வலதுபக்கம் மிளகாய்க் குவியல், ஒரு கிழவி எழுந்து நின்று நெற்றியில் கைவைத்துப் பார்க்கிறாள். முப்பது. டக்டக்டக்டக். ஆவாரஞ்செடி பாதை நடுவிலேயே முளைத்திருக்கிறது, ஏறிப் போனேன், மன்னித்துக்கொள். முன்னால் பார்க்க வேண்டும், திரும்பக்கூடாது, ஓட்டுகிறவர் திரும்பினால் வண்டி கோணும், வண்டி கோணினால் கிளைடர் கோணும், சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நாற்பது. நாற்பதில் நிறுத்து, காந்தி. முள் நடுங்குகிறது, நாற்பது என்பது முள்ளுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா? கால் எங்கே போகிறது? யார் கால் இது? அமுக்குகிறது. நான்தானா அமுக்குவது? ஐம்பது. போங்கள். இத்தனை வருஷம் போனீர்கள், இன்றைக்கும் போய்த் தொலையுங்கள், பத்து மணிக்கு அறுக்கப்போகிறவன் அறுக்கட்டும், கரண்டி பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்பதை எத்தனை வருஷம் நான் பார்க்கவேண்டியிருக்குமோ தெரியாது, மேலே போங்கள், இல்லை, வேண்டாம், வேண்டாங்க, மேகம் வந்தால் நான் என்ன செய்வேன், ஐயோ இப்போது பிரேக் போட்டால்? எழும்பின பிறகு இழுக்கிற வண்டி நிற்கக்கூடாது, நின்றால் தொப்பென்று விழும், எழும்பிவிட்டாரா? வண்டி லேசாகிவிட்டது. ஆமாம், லேசாகிவிட்டது. எழும்பிவிட்டார். என் தலைக்குமேலே இருக்கிறார். அறுபது. மரியே, மாதாவே, காந்திமதியம்மா, யாராக இருந்தாலும் சரி. சுவர் வருகிறது. மஞ்சள் கல், மஞ்சள் கல், மஞ்சள் கல். விட்டுவிடுங்கள், குமிழை இழுங்கள், கயிறு விழுகிற சத்தம் கேட்க வேண்டுமே, விழவில்லையே, சுவர், சுவர்.

நின்றுவிட்டேன். சுவருக்கும் ஜீப் மூக்குக்கும் நடுவே ஒரு ஆட்டுக்குட்டி போகிற இடம் இருந்தது. இறங்கி அண்ணாந்து பார்த்தேன். வானம் வெள்ளையாக இருந்தது. ஒன்றும் இல்லை. ஒரு கருடன், மிகமிக உயரத்தில், அது இவர் இல்லை என்று எனக்குத் தெரியச் சற்று நேரமாயிற்று. சூரியனுக்குள் இருப்பார் என்று சூரியனையே பார்த்தேன். பச்சைப் பச்சையாகப் புள்ளி வந்தது. சத்தம் இல்லாமல் போகும் விமானம், எங்கே என்று எதை வைத்துத் தேடுவது? அப்புறம்தான் பயந்துகொண்டே கண்ணைக் கீழே இறக்கினேன், சுவருக்கு அந்தப் பக்கம், வேலிக்கருவைக்குள், மனைக் கற்களுக்கு நடுவில். பிறகு கயிற்றைப் பார்த்தேன். ஜீப் கொக்கியிலிருந்து அது நீளமாக, வெறுமனே, நான் வந்த வழியிலேயே தரையில் படுத்துக்கிடந்தது. அதன் போக்கிலேயே பார்வையை ஓட்டினேன். தூரத்தில், புறப்பட்ட இடத்துக்குக் கொஞ்சம் இப்பால், கிளைடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. வண்டி லேசானது அங்கேதான், அங்கிருந்து இந்தப் பாதை முழுக்க நான் யாரையும் இழுத்துக்கொண்டு வரவில்லை. உள்ளே ஒரு தலை தெரிந்தது. அசையவில்லை.

திரும்பி ஓட்டியது எனக்கு நினைவில்லை. கிளைடர் பக்கத்தில் பேச்சிமுத்து துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "ஐயா பேச மாட்டேங்காவம்மா" என்றார். இவர் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார், கண் திறந்திருந்தது, கை மஞ்சள் குமிழைப் பிடித்திருந்தது. சாம்பார்க் கரண்டி பிடித்த அதே கை. நான் அந்தக் கையின்மேல் என் கையை வைத்தேன். வியர்த்திருந்தது, சூடாக இருந்தது. காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்கத் தெரியாது, பால் பொங்குவதற்குக்கூட நின்றதில்லை, காத்திருந்தேன். இமை ஒருதடவை கொட்டியது. "எதுக்குட்டி அம்புட்டு வேகம்?" என்றார். எனக்குக் கோபம் எங்கிருந்து வந்ததோ. "நீங்க ஏன் விட்டீங்க? நான் அங்க போய் வானத்துல தேடுறேன், பைத்தியக்காரி மாதிரி!" "நாப்பதுன்னு சொன்னேன்லா. நீ அமுக்கிட்டே. எழும்பிரும்னு பயந்துட்டேன்." "பயந்தீங்களா? மூட்டை எதுக்கு ஏத்துனீங்க அப்போ? மேல போகத்தானே?" "யாரு சொன்னா? நான் இளைச்சுட்டேன்ல. முன்னால பாரம் இல்லன்னா மூக்கு தன்னால தூக்கிரும். எழும்பாம இருக்கத்தான் மூட்டை." பேச்சிமுத்துவைப் பார்த்தேன். அவர் ஆமாம் என்றும் இல்லை என்றும் ஆகாமல் தலையாட்டினார். "அப்போ நெனப்போடதான் இழுத்தீங்க குமிழை. மேகம் இல்லை." இவர் குமிழைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "இழுத்திருப்பேன்" என்றார். "கையில இருக்கே." அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. எனக்கும்தான். என் கால் ஏன் அமுக்கியது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 'ம்' என்று சொல்லியிருப்பேன்.

மெயின் ரோட்டிலிருந்து லாரி திரும்புவது தூசியில் தெரிந்தது. "பேச்சிமுத்து, இந்த மூட்டையைக் கீழே எறக்குங்க." "எதுக்குமா?" "எறக்குங்கன்னா எறக்குங்க." பெல்ட்டைக் கழற்றி மூட்டையை எடுத்தார். ஏறுவதற்கு ஒரு வழியும் தெரியவில்லை, சேலையைச் செருகிக்கொண்டு, ஒரு காலைப் போட்டு, மரம் எங்கோ கிறீச்சென்றது, "அங்க மிதிக்காதே, துணி! கம்பு மேல, கம்பு மேல!" என்று இவர் கத்த, ஒருவழியாக விழுந்தமாதிரி உட்கார்ந்தேன். கிளைடர் தட்டென்று என் பக்கம் சாய்ந்து எனது இறக்கை தரையைத் தொட்டது. "மூட்டையே தேவலை" என்றார். "நீங்க ஒருநாளும் என்னைக் கூப்பிடல" என்றேன். "நீ ஒருநாளும் கேக்கல." "உப்புமாக் கரண்டியோட வந்து கேக்கணுமாக்கும்." இடம் இத்தனை சின்னதா? அவர் முழங்கை என் விலாவில் இருந்தது. முன்னால் கண்ணாடித்தகடு, மஞ்சளாகிப்போனது, அதன் நடுவில் ஒரு சின்ன நூல் துண்டு ஒட்டியிருந்தது, காற்று எந்தப் பக்கம் என்று காட்டுவதற்காம், அது இவ்வளவு லேசான காற்றுக்கும் நடுங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் பாதை, செடி, மிளகாய், கிழவி, கடைசியில் சுவர். இங்கிருந்து பார்த்தால் சுவர் அவ்வளவு உயரமாகத் தெரியவில்லை. லாரி ஹாரன் அடித்தது. ஷாலினிக்கு என்ன சொல்வது, டாக்டருக்கு என்ன சொல்வது, இரவு மாத்திரை பாதியா முழுசா, அரிசி டப்பாவில் சாவி, அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா, இந்த ஜீப்பை அணைத்தேனா, தலைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றன. பேச்சிமுத்து என் பக்கத்து நுனிக்குப் போய்க் குனிந்துகொண்டு நிமிர்ந்து பார்த்தார். "லாரி வந்துட்டும்மா. ரெக்கையைத் தூக்கட்டா?" இவர் என்னைப் பார்த்தார். கண்ணுக்குள் ஆள் இருந்தார்.

"தூக்குங்க" என்றேன். நுனி மெல்ல ஏறி நேராக நின்றது. அதற்குப் பிறகு நான் பேசவில்லை.